திறந்தால் மணக்கிறது, ஏற்றினால் மணக்கவில்லை

சோயா மெழுகில் மெழுகுவர்த்தி செய்ய ஆரம்பித்ததிலிருந்து இதே தொல்லை. மூடியைத் திறந்தால் லாவெண்டர் ஆளைத் தூக்கும். ஏற்றி வைத்தால் மூக்கைக் கிட்டே கொண்டுபோனாலும் வெறும் சூடான காற்று.

சரி, வாசனை எண்ணெய் போதவில்லை போல என்று கூட்டி ஊற்றினேன். மேலே வியர்வை மாதிரி எண்ணெய் முத்து முத்தாக நின்றதுதான் மிச்சம். பெரும்பாலான சோயா மெழுகு எடையில் 6 முதல் 10 சதவீதம் வரைதான் தாங்கும். இப்போது 500 கிராம் மெழுகுக்கு 40 கிராம், அதுவும் தராசில் நிறுத்து. மெழுகு 85 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும்போது விட்டு, இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறுகிறேன்.

அப்புறம் என் அவசரம். ஊற்றிய மறுநாளே ஏற்றிவிடுவேன். இந்தத் தடவை மூடிபோட்டு இரண்டு வாரம் தொடாமல் வைத்தேன் (தினமும் திறந்து மோந்து பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்).

ஆனால் முக்கால்வாசிக் கோளாறு திரியில்தான் இருந்தது. மெலிந்த திரி நடுவில் மட்டும் குழி பறித்துக்கொண்டு இறங்கியது. சுற்றிலும் மெழுகு சுவர் எழுப்பி நின்றது. மணம் கிளம்புவதே உருகிய பரப்பிலிருந்துதானே! அடுத்த அளவு திரி போட்டதும் உருகிய மெழுகு கண்ணாடிக் குவளையின் ஓரம்வரை தொட்டது. அதைவிடத் தடித்த திரி போட்டால் புகையும் கரியும்தான், அதையும் பார்த்தாயிற்று.

நேற்று ராத்திரி பக்கத்து அறையிலிருந்து குரல்: "என்ன வாசனை அது?"