கூரைக்கு வீசிய ஃபேன்

முந்தாநாள் இரவு எங்கள் வீட்டு ஹால் ஃபேன் கூரைக்குக் காற்று வீசியது. கீழே நாங்கள் மூவரும் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தோம். பல்லி மட்டும் சுகமாக இருந்தது.

கைங்கரியம் அப்பாவுடையது. சுவிட்சைப் போட்டால் ஃபேன் 'உம்ம்' என்று முனகியதே தவிர நகரவில்லை. அப்பா ஒட்டடைக் கம்பால் இறக்கையை ஒரு தள்ளு தள்ளினார். தள்ளிய திசையிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அது தலைகீழ்த் திசை. கண்டன்சர், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன டப்பா, செத்துப்போன ஃபேனுக்குத் தனக்கென்று ஒரு திசை கிடையாது. வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில் மோட்டாரின் காந்தப்புலம் ஊசலாடுமே தவிரச் சுற்றாது. இரண்டாவது சுருளின் மின்னோட்டத்தைக் கண்டன்சர் கொஞ்சம் முந்த வைத்தால்தான் புலம் ஒரு பக்கமாகச் சுழலும்.

"கூரைக்கு வியர்த்தது உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்ததா?" என்றார் அம்மா.

காலையில் வந்த எலக்ட்ரீசியன் ஏணிகூடக் கேட்கவில்லை. வாசற்படியில் நின்று அண்ணாந்து பார்த்து, "காயில் போய்விட்டது, ரீவைண்டிங்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். "காயில் போனால் கருகல் வாடை வருமே?" என்று அப்பா கேட்டதற்குப் பதில் இல்லை. அவருக்குக் காபி கொடுத்து அனுப்பியதில் அம்மாவுக்குத் தனி வருத்தம்.

பிறகு அப்பாவின் வகுப்பு. கண்டன்சரில் மின்னோட்டம் முதலில் போகும், வோல்டேஜ் கால் சுற்று பின்னால் வரும், சுருளில் நேர்மாறு. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வீடே விளங்கியது. அப்பா கண்டன்சர்: கல்யாணத்துக்குப் போவதா என்று முடிவாகும் முன்பே செருப்பு மாட்டி வாசலில் நிற்பார். அம்மா சோக், அதாவது ட்யூப்லைட்டில் இருக்கும் சுருள்: ஆட்டோ வந்து ஹாரன் அடித்த பிறகுதான் புடவைக்கு ஊக்கு தேடுவார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கால் சுற்று என்பது 5 மில்லி விநாடி. எங்கள் வீட்டில் முக்கால் மணி நேரம். இன்னொன்றும் உண்டு. சோக்கில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் நூற்றுக்கணக்கான வோல்ட்டாக எகிறும். சமையலறையின் பழைய ட்யூப்லைட், ஸ்டார்ட்டர் கிளப்பிவிடும் அந்தக் கோபத்தில்தான் பற்றிக்கொள்கிறது. சீரியல் நடுவில் டிவியை அணைத்துப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

கடைக்காரர் 4 மைக்ரோஃபாரட் கண்டன்சரை நீட்டி, "பெரியதாகப் போட்டால் பறக்கும்" என்றாராம். சுருள்தான் சூடேறும் என்று அப்பா அங்கேயும் ஒரு வகுப்பு எடுத்துவிட்டு, பழையதில் அச்சிட்டிருந்தபடி 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் வாங்கி வந்தார். மெயினை அணைத்து, ஸ்டூலில் ஏறி, கிண்ணத்தை இறக்கி, மிச்சமிருக்கும் மின்சாரம் போகட்டும் என்று பழையதன் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டார். ஒரு பொறிகூட வரவில்லை. அப்பாவின் முகம் சுண்டிவிட்டது.

ஃபேன் இப்போது காலண்டரைக் கிழிக்கும் வேகத்தில் ஓடுகிறது. ஐந்தில்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கண்டன்சர் எதற்கு என்கிறார் அப்பா. கழுத்துப் பிடித்துக்கொள்ளும், இரண்டு போதும் என்கிறார் அம்மா. அந்த ரெகுலேட்டருக்குள்ளும் இருப்பவை கண்டன்சர்களே என்று சொல்லிச் சமாதானம் செய்யப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். விடிய விடிய 'டக், டக்' என்று திருகல் சத்தம். இன்று நான் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறேன்.