நெட்வொர்க்கிங் ஈவென்ட்ல யார்கிட்ட போய்ப் பேசணும்?

கம்பெனிக்காரங்களும் மாணவர்களும் சந்திச்சுப் பேசற நெட்வொர்க்கிங் ஈவென்ட்னாலே பிஜி, பிஎச்டி படிக்கிற பசங்க நிறைய பேர் ஒதுங்கிடறாங்க, முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட போய் எப்படி வேலை கேக்கறதுன்னு ஒரே கூச்சம். கூச்சம் நியாயம்தான். ஆனா அங்க போய் வேலை கேக்கவே வேண்டாம், அதைச் சொல்லத்தான் இதை எழுதறேன்.

பொதுவா என்ன நடக்குதுன்னா, உள்ள நுழைஞ்சதும் பெரிய கம்பெனி ஸ்டால் எங்க இருக்குன்னு தேடிப்போய் வரிசையில நின்னுடறாங்க, ரொம்ப நேரம் காத்திருந்து ரெஸ்யூமேவை நீட்டினா அங்க இருக்கற ஹெச்ஆர் ஒரு க்யூஆர் கோடைக் காட்டி ஆன்லைன்ல அப்ளை பண்ணுங்கன்னு சொல்லிடுவாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது, யாரை எடுக்கறதுங்கற முடிவு பெரும்பாலும் அந்தந்த டீமோட மேனேஜர் கையிலதான் இருக்கு. அதே ஹால்ல, உங்க டிபார்ட்மென்ட்லயே ரெண்டு மூணு வருஷம் முன்னாடி முடிச்சுட்டுப் போன சீனியர் ஒருத்தர் பேச ஆள் இல்லாம ஓரமா நின்னுட்டிருப்பாரு. நேரா அவர்கிட்ட போங்க.

டீம்ல யார் விட்டுட்டுப் போறாங்க, எந்த ப்ராஜெக்ட்டுக்கு ஆள் பத்தல, இதெல்லாம் விளம்பரமா வெளிய வர்றதுக்கு முன்னாடியே உள்ள இருக்கறவருக்குத் தெரியும். இன்டர்ன்ஷிப்புக்கு இது இன்னும் முக்கியம், சில பெரிய கம்பெனிங்க கோடைக்கால இன்டர்னை முந்தின வருஷமே எடுக்க ஆரம்பிச்சுடறாங்க, அது தெரியாமலே தேதியைத் தவறவிடற பசங்க எத்தனையோ பேர். அப்புறம் ரெஃபரல். உள்ள வேலை பாக்கறவர் உங்க பேரைச் சிபாரிசு பண்ணா அந்த ரெஸ்யூமே குவியலுக்குள்ள காணாமப் போகாது, பல இடத்துல நீங்க சேர்ந்துட்டா அவருக்கு போனஸும் உண்டு. அதனால அவர்கிட்ட பேசறது கையேந்தற விஷயமே இல்ல.

நல்லாத் தெரிஞ்சவங்கதான் உதவுவாங்கன்னு நினைக்கறோம் இல்லையா, அப்படி இல்லன்னு சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973லயே எழுதியிருக்காரு. பாஸ்டன் பக்கத்துல அவர் விசாரிச்சவங்கள்ல, தெரிஞ்ச ஆள் மூலமா வேலை கிடைச்சவங்களை மட்டும் எடுத்தா, அந்த ஆளை அடிக்கடி பாக்கறதா சொன்னவங்க 16.7 சதவீதம்தான், எப்பவாவது பாக்கறதா சொன்னவங்க 55.6, ரொம்ப அபூர்வமா பாக்கறவங்க 27.8. காரணம் ரொம்ப எளிமை, நம்ம ஹாஸ்டல் ஃப்ரெண்டுக்குத் தெரிஞ்சது நமக்கும் தெரியும், புதுத் தகவல் வேற வட்டத்துல இருந்துதான் வரணும். 2022ல வெளிவந்த, வேலைத் தொடர்புகளுக்கான வலைதளமான லிங்க்டின்ல சுமார் 2 கோடி பேரை வெச்சு நடந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டுச்சு, முன்பின் தெரியாதவங்களும் இல்லாம நெருக்கமானவங்களும் இல்லாம நடுவுல இருக்கறவங்களாலதான் வேலை மாற்றம் அதிகம் நடந்திருக்கு. ஈவென்ட்ல கிடைக்கறது அந்த மாதிரி அரைகுறைப் பழக்கம்தான், அது போதும்.

சரி, என்ன பேசறது? அவர் வேலையைப் பத்திக் கேளுங்க. ஒரு நாள் எப்படிப் போகுது, படிச்சதுல எது கை கொடுத்துச்சு, சேர்ந்தப்புறம் எதைப் புதுசா கத்துக்க வேண்டியிருந்துச்சு, இப்படி. உங்க ஆராய்ச்சியைக் கேட்டா தீசிஸ் தலைப்பை ஒப்பிக்காதீங்க, "டிஸ்சார்ஜ் ஆன பேஷண்ட்ல யார் திரும்ப அட்மிட் ஆவாங்கன்னு முன்கூட்டியே கணிக்கற மாடல் பண்றேன்"னு சொன்னா எந்தத் துறைக்காரருக்கும் புரியும், மாடலோட பேரும் மேத்ஸும் அவரா கேட்டா சொல்லிக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் யார்கிட்ட என்ன பேசினோம்னு போன்ல குறிச்சு வெச்சுக்கங்க, மறுநாளே ஒரு சின்ன மெசேஜ் போடுங்க. "நேத்து டேட்டா க்ளீனிங் பத்தி நீங்க சொன்னது ரொம்ப உதவியா இருந்துச்சு, நேரம் இருந்தா ஒரு 15 நிமிஷம் கால் பண்ணிப் பேசலாமா?" அவ்வளவுதான், ரெஸ்யூமே அட்டாச் பண்ண வேண்டாம். ரெஃபரல் அந்தக் கால்ல பேசினதுக்கப்புறம் கேக்கற விஷயம், அப்ப கேட்டா அவராலயும் உங்களைப் பத்தி நாலு வரி எழுத முடியும். அவர் சொன்னதைச் செஞ்சு பாத்தீங்கன்னா என்ன ஆச்சுன்னு கொஞ்ச நாள் கழிச்சு எழுதுங்க, இதைப் பெரும்பாலானவங்க செய்யறதே இல்ல, எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம், ஏன்னா அவ்வளவு தூரம் வந்து பேசிட்டு பழக்கத்தை அப்படியே விட்டுடறாங்க.

நடத்தறவங்ககிட்டயும் ஒண்ணு கேட்டுக்கறேன். ஐடி, பேங்க்னு மட்டும் கூப்பிடாதீங்க. வரலாறு, மொழியியல், சமூகவியல் படிக்கிற பசங்க வந்து ஸ்டால் ஸ்டாலா சுத்திப் பாத்துட்டு யார்கிட்டயும் பேசாமத் திரும்பிப் போறாங்க, அவங்க துறையில முடிச்சுட்டு மியூசியம், பதிப்பகம், சர்வே நிறுவனம், என்ஜிஓன்னு வேலை பாக்கற பழைய மாணவர்களைத் தேடிக் கூப்பிடுங்க, அவங்க பேட்ஜ்ல கம்பெனி பேரோட என்ன படிச்சாங்க, எந்த வருஷம் முடிச்சாங்கன்னும் பெருசா போடுங்க.