புற்றுநோய்க் கிளினிக்குக்குள் ஓர் ஆய்வை நடத்தி முடிப்பது: கொழும்பிலிருந்து சில குறிப்புகள்

அரசாங்க வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் ஆய்வு தொடங்க நினைப்பவர்கள் முதலில் நிதியைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு மருந்தைப் பற்றி. நாங்கள் கேட்கும் முதல் கேள்வி வேறு. கிளினிக் நாளன்று காலை ஏழு மணிக்கு வந்து, அன்றைக்கு வரவேண்டியவர்களின் ஃபைல்களைப் புரட்டி, யார் ஆய்வுக்குப் பொருந்துவார் என்று பென்சிலால் குறித்துவைக்க ஆள் இருக்கிறாரா? அந்த ஆள் இல்லாமல் தொடங்கிய ஆய்வுகள் பெரும்பாலும் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கின்றன.

வைத்திய நிபுணருக்கு மதியத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டிய கூட்டம் வாசல்வரை நிற்கும். பயிற்சி வைத்தியர்கள் சுழற்சி முடிந்ததும் வேறு பிரிவுக்குப் போய்விடுவார்கள். தாதியருக்கு கீமோ ஏற்றும் வேலையே தலைக்கு மேல். ஆகவே சிங்களமும் தமிழும் பேசக்கூடிய ஓர் ஆய்வு இணைப்பாளரின் சம்பளம்தான் வரவுசெலவுத் திட்டத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். மற்றச் செலவெல்லாம் அதற்குக் கீழே.

முதல் ஆய்வு மருந்துச் சோதனையாக இருக்கக்கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. இலங்கையில் ஆண்களிடம் வாய்ப்புற்றுநோயும் பெண்களிடம் மார்பகப் புற்றுநோயும் முன்னிற்கின்றன. முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து பயொப்சிக்கு எத்தனை நாள், பயொப்சியிலிருந்து முதல் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு எத்தனை நாள் என்று பார்ப்பதே நல்ல ஆய்வு. புதிய மருந்து தேவையில்லை, காப்புறுதி தேவையில்லை. ஆனால் பதிவேடு, அனுமதி, சம்மதம், தரவு, பின்தொடர்தல் என்று ஒவ்வொரு மூட்டும் தாங்குமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதற்கு நிபுணரின் ஞாபகத்தை நம்ப வேண்டாம். மறதி அல்ல காரணம்; நினைவில் நிற்பவர்கள் ஆய்வுக்குப் பொருந்துபவர்களாக இருப்பதில்லை. சென்ற வருடக் கிளினிக் பதிவேட்டை எடுத்து, தகுதி நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கழித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு 200 பேர் பதிவில் இருந்தால், நோய்நிலை பொருந்துபவர் 90, வேறிடத்தில் ஏற்கெனவே கீமோ தொடங்கியவரும் இருதய நோயுள்ளவரும் போக 50, சம்மதிப்பவர் 35 என்று இறங்கிக்கொண்டே போகும். மாதிரி அளவைக் கணக்கிடும்போது இன்னொரு பொதுவான பிழை உண்டு. முடிவில் 120 பேர் வேண்டும், 15 சதவீதம் விடுபடுவார்கள் என்றால் 120ஐ 1.15ஆல் பெருக்கி 138 என்று எழுதிவிடுகிறார்கள். 0.85ஆல் வகுக்க வேண்டும், விடை 142. ஆய்வுக்கு அங்கீகாரம் தரும் நெறிமுறைக் குழுவில் ஒரு புள்ளிவிபரவியலாளர் இருந்தால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

ஆவணங்கள். கிளினிக் கொப்பி நோயாளியின் கையில், விடுதியில் தங்கியபோது எழுதிய சிகிச்சைக் குறிப்பான பீ.எச்.ரி. பதிவறையில், பயொப்சி அறிக்கை ஆய்வுகூடத்தில், கதிர்வீச்சு அட்டை இன்னோர் அறையில். நான்கையும் சேர்த்தால்தான் ஒரு முழு நோயாளி கிடைப்பார். அப்போதும் நோய்நிலை, ஈகோக் புள்ளி (அன்றாட வேலைகளை எவ்வளவு செய்ய முடிகிறது என்ற மதிப்பு), உயரம் ஆகிய மூன்றும் அடிக்கடி விடுபட்டிருக்கும். பழைய ஃபைல்களில் இதைத் திருத்த வழியில்லை. இனி வருபவற்றுக்கு உண்டு: நான்கு கட்டங்கள் கொண்ட ஓர் இறப்பர் முத்திரை. நோய்நிலை, ஈகோக், நிறை, உயரம். முதல் வருகையில் பக்கத்தின் மேல் மூலையில் குத்திவிட்டால், வெறுமையான கட்டம் வைத்தியரின் கண்ணை உறுத்தும், எழுதிவிடுவார். விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் எங்கள் பக்கம் இந்த அளவுக்கு வேலை செய்ததில்லை.

ஒரே ஆள் இரண்டு முறை பதிவாவது அடுத்த தொல்லை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத நான்கு விதம் உண்டு, முதலெழுத்து முன்னும் பின்னும் மாறும். அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு பார்க்கலாம் என்றால், பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016க்குப் பிறகு வந்தது 12 இலக்கம். ஒருவர் ஒரு தடவை பழையதையும் மறுதடவை புதியதையும் கொடுப்பார். மாற்றுவது எளிது: பழைய இலக்கத்தின் முன்னால் 19, பழையதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0, கடைசி எழுத்தை நீக்கிவிட வேண்டும். அந்த இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும், வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு நாளுடன் 500 கூட்டியிருக்கும். ஆகவே அது வெறும் இலக்கம் அல்ல, தனிப்பட்ட தகவல். தரவுக் கோப்பில் அதை வைக்காமல், ஆய்வு இலக்கத்தோடு இணைக்கும் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையில் வைத்திருக்கிறது.

அனுமதிகளில் நேரத்தைத் தின்பது ஒழுங்குவரிசைதான். நெறிமுறைக் குழு வைத்தியசாலைப் பணிப்பாளரின் கடிதத்தைக் கேட்கும். பணிப்பாளர் அலுவலகம் நெறிமுறைக் குழுவின் கடிதத்தைக் கேட்கும். இதில் மாட்டாமல் இருக்க, ‘நெறிமுறைக் குழுவின் அங்கீகாரம் கிடைக்கும் பட்சத்தில் ஆட்சேபனை இல்லை’ என்ற ஒரு வரிக் கடிதத்தைப் பணிப்பாளரிடம் முதலிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். மாகாண சபையின் கீழுள்ள ஆதார வைத்தியசாலையையும் சேர்ப்பதென்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் தனிக் கடிதம் போகும். கொழும்பில் வாங்கிய அனுமதியோடு அங்கே போய் நின்றால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

மருந்தோ மருத்துவக் கருவியோ சோதிக்கும் ஆய்வு என்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் அனுமதியும் வேண்டும். சிகிச்சைச் சோதனை எதுவானாலும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் பதிவுசெய்தாக வேண்டும். விஜேராம மாவத்தையிலுள்ள இலங்கை மருத்துவச் சங்கம் 2006இலிருந்து நடத்தும் இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேடு உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட முதன்மைப் பதிவேடு. ஒருவரைச் சேர்த்த பிறகு பதிவுசெய்தால் நல்ல சஞ்சிகைகள் கட்டுரையைத் திறந்தும் பார்க்கமாட்டா. 2005இலிருந்து இதுதான் விதி.

நெறிமுறைக் குழு திருப்பியனுப்பும் விண்ணப்பங்களில் அறிவியல் பிழையைவிடக் காகிதப் பிழைதான் அதிகம். நோயாளிக்குக் கொடுக்கும் தகவல் தாளின் சிங்கள வடிவம் பதிப்பு 2, தமிழ் வடிவம் பதிப்பு 1 என்று இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் திகதியும் வேண்டும், மூன்று மொழியிலும் ஒன்றுபோல. அடுத்ததாகக் கேட்பது: சம்மதம் பெறுவது யார்? சிகிச்சை தரும் வைத்தியரே கேட்டால் மறுக்க நோயாளிக்கு வாய் வராது. இணைப்பாளர் விளக்கி, வைத்தியர் சந்தேகங்களுக்கு மட்டும் பதில் சொல்வது நல்லது. எழுத வாசிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி ஆரம்பம் முதல் கூட இருந்து கையொப்பமிட வேண்டும். முடிவில் வந்து கையொப்பம் மட்டும் போட்டால் அது செல்லாது. தமிழ்த் தகவல் தாளை அச்சடிக்க முன் மருத்துவத்தோடு சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பேருக்கு உரக்க வாசித்துக் காட்டி, விளங்கியதைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். சொல்ல முடியாமல் நிற்கும் வசனத்தை வெட்டி எழுதுங்கள்.

இனி, பலரும் பொருட்படுத்தாத இடம்: இழையத்தைப் பதப்படுத்தும் ஃபோர்மலின் போத்தல். மார்பகக் கட்டிக்கு எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஈ.ஆர்., ஹேர்2 பரிசோதனை முடிவை வைத்து நோயாளர்களைப் பிரிக்கும் ஆய்வு என்றால், அந்த முடிவின் தரம் ஆய்வுகூடத்தில் தொடங்குவதில்லை, சத்திரசிகிச்சைக் கூடத்தில் தொடங்குகிறது. வெட்டியெடுத்த இழையம் 1 மணித்தியாலத்துக்குள் 10 சதவீத நடுநிலை ஃபோர்மலினுக்குள் போக வேண்டும். இழையத்தைப்போல் பத்து மடங்கு கரைசல் வேண்டும். உள்ளே 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குப் போத்தலில் இட்டு திங்கள் காலை 9 மணிக்கு எடுத்தால் 66 மணித்தியாலம், பரவாயில்லை. அந்தத் திங்கள் போயா விடுமுறையாக வந்துவிட்டால் செவ்வாய் காலை 90 ஆகிவிடும். முழு மார்பகத்தை வெட்டாமல் அப்படியே அமிழ்த்தினால் வெளிப்புறம் பதப்பட, நடுவிலிருக்கும் கட்டி அழுகத் தொடங்கும். கட்டி வரைக்கும் கரைசல் போக வெட்டித் திறந்துவிட வேண்டும். உண்மையில் பொசிட்டிவ் ஆன கட்டி நெகட்டிவ் என்று வருவதற்கு இவையெல்லாம் காரணம். ஆகவே ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் விண்ணப்பப் படிவத்தில் ‘வெட்டிய நேரம்’, ‘ஃபோர்மலினில் இட்ட நேரம்’ என்று இரண்டு வரிகளைச் சேருங்கள். பெயரைப் போத்தலின் உடலில் ஒட்டுங்கள், மூடியில் அல்ல. மேசையில் நான்கு போத்தல் திறந்திருக்கும்போது மூடிகள் இடம் மாறும்.

கட்டி சுருங்கியதா என்று ஸ்கானில் அளக்கும் ஆய்வுகளுக்கு கட்டி அளக்கும் சர்வதேச விதியான ரெசிஸ்ட் 1.1 பொருந்தும். கட்டி குறைந்தது 10 மில்லிமீற்றர், நிணநீர்க் கணு குறுக்கே 15 மில்லிமீற்றர். இலக்காக எடுத்து அளப்பவை அதிகபட்சம் 5, ஓர் உறுப்பில் 2க்கு மேல் இல்லை. முதல் ஸ்கான் சிகிச்சைக்கு முந்திய 4 வாரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், இங்கேதான் இடிக்கும். சி.ரி.க்குத் திகதி கிடைத்து, எடுத்து, அறிக்கை கைக்கு வந்து, கீமோவுக்குக் கட்டில் கிடைப்பதற்குள் அந்த 4 வாரம் ஓடிவிடும். கதிரியக்கப் பிரிவுடன் பேசி வாரத்துக்கு ஓரிரு இடங்களை ஆய்வுக்கென ஒதுக்கி வாங்குவதை ஆய்வுத் திட்டம் எழுதும் காலத்திலேயே முடித்துவிட வேண்டும். வெளியே தனியார் நிலையத்தில் எடுத்த படம் என்றால் தகடு மட்டும் போதாது, டிஸ்க்கும் வேண்டும்.

மருந்து விநியோகம் 2022 நெருக்கடியின்போது எல்லோருக்கும் பாடம் எடுத்துவிட்டது. வழக்கமான சிகிச்சையை ஒப்பீட்டுக் குழுவுக்கு வைக்கும் ஆய்வில், அந்த வழக்கமான மருந்து களஞ்சியத்தில் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். வர்த்தகப் பெயர் மாறினால் அதையும் தொகுதி இலக்கத்தையும் குறிப்பது கட்டாயம். குளிரூட்டியின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் பதிவைக் காலையும் மாலையும் எழுதுவதைவிட, சனி ஞாயிறில் யார் எழுதுவார் என்று தீர்மானிப்பதுதான் கடினம்.

ஆய்வில் சேர்ந்தவருக்கு நேரும் பாரதூரமான பாதகச் சம்பவங்களில் நம்முடைய தனிப்பிரச்சினை தூரம். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காலை 138ஆம் இலக்க பஸ்ஸில் நிற்பவர்களில் இரவிரவாகப் பயணம் செய்து வந்தவரும் இருப்பார். கீமோ ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியவருக்குப் பத்தாம் நாளளவில் வெள்ளணுக்கள் விழுந்து காய்ச்சல் வந்தால், பக்கத்து வைத்தியசாலையில்தான் அனுமதிப்பார்கள். அனுமதித்ததே ஒரு பாரதூரமான சம்பவம். ஆய்வுக் குழுவுக்குத் தெரிந்து 24 மணித்தியாலத்துக்குள், ஆய்வுக்குப் பொறுப்பேற்ற அனுசரணையாளருக்கு அறிவிக்க வேண்டும். எதிர்பாராததாகவும் மருந்தால் வந்ததாகவும் தோன்றினால் அனுசரணையாளர் மருந்துகள் அதிகார சபைக்கு அறிவிக்க 7 நாள், உயிராபத்து இல்லையென்றால் 15 நாள். ஆனால் நோயாளி அடுத்த கிளினிக்குக்கு வந்து சொல்லும்போதுதான் நமக்குத் தெரியும். இதற்கு ஒரு மட்டை அட்டை போதும்: மூன்று மொழியில் மருந்தின் பெயர், ஏற்றிய திகதி, காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் உடனே முழு இரத்தப் பரிசோதனை, இருபத்துநான்கு மணிநேரத் தொலைபேசி இலக்கம். கிளினிக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டிக் கொடுங்கள். தனியாகக் கொடுத்தால் வீட்டில் இருக்கும்.

பின்தொடர்தலுக்கு ஓர் இலக்கம் போதாது, மூன்று வேண்டும். நோயாளி தரும் இலக்கம் மகனுடையதாக இருக்கும், மகன் கட்டாருக்குப் போயிருப்பான். 21 நாள் கீமோச் சுழற்சியில் முன்பின் 3 நாள் சலுகையை ஆய்வுத் திட்டத்தில் எழுதாவிட்டால், சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் வராத எல்லோரும் விதிமீறலாகக் கணக்கில் ஏறுவார்கள். தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு வருகை என்றால் குறைந்தது ஒரு நாள் சம்பளம் போகிறது. பஸ் காசு மட்டும் கொடுத்து ஈடுசெய்ய முடியாது, அதையும் வரவுசெலவில் போட்டு நெறிமுறைக் குழுவிடம் காட்டுங்கள். உயிர்வாழ்வுக் காலத்தை அளக்கும் ஆய்வில் வீட்டில் நிகழும் மரணங்கள் நழுவும். கிராம சேவகரின் பெயரையும் பிரிவையும் சேர்க்கும் நாளிலேயே, சம்மதத்தோடு, வாங்கிவைத்தால் திகதியாவது கிடைக்கும்.

தரவுப் படிவத்தில் திகதியை இலக்கத்தில் மட்டும் எழுதவிடாதீர்கள். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. மாதத்தை எழுத்தில் எழுதட்டும். பிழை திருத்த ஒற்றைக் கோடு, பக்கத்தில் ஒப்பம், திகதி. டிப்பெக்ஸ் போத்தலை மேசையிலிருந்தே அகற்றிவிடலாம்.

கடைசி நோயாளியின் கடைசி வருகையோடு வேலை முடிவதில்லை. மிஞ்சிய மருந்தை எண்ணி மருந்தகத்தோடு கணக்கை ஒத்துப்பார்ப்பது, நெறிமுறைக் குழுவுக்கு இறுதி அறிக்கை, முதன்மை முடிவுக்கான தரவு சேர்த்து முடிந்து 12 மாதத்துக்குள் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முடிவுகளைப் போடுவது, கடன் வாங்கிய, இழையம் பதித்த பரஃபின் கட்டைகளை ஆய்வுகூடத்துக்குத் திருப்பிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது. சம்மதப் படிவங்கள் இருக்கும் பெட்டிகளுக்குக் கறையானும் கசிவும் இல்லாத ஓர் அறையைப் பணிப்பாளர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இணைப்பாளரின் ஒப்பந்தம் முடிவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னதாகவே இதையெல்லாம் தொடங்க வேண்டும். அவர் போன பிறகு எந்தப் பெட்டியில் எது என்று சொல்ல ஆள் கிடையாது.