விந்துக்குழாயை மறுபடி இணைத்த பிறகு

குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள் மறுமணத்துக்குப் பிறகோ, பிள்ளையைப் பறிகொடுத்த பிறகோ குழாயை மறுபடி சேர்த்துக்கொள்வது நம் ஊரில் நடப்பதுதான். 2004 சுனாமியில் பிள்ளைகளை இழந்த, கருத்தடை செய்திருந்த பெற்றோருக்கு இதற்காகத் தமிழக அரசே உதவியது. ஆனால் இந்த இணைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்பு என்ன பாடுபடும் என்று ஆண்கள் யாரும் வாய் திறப்பதில்லை. மறுமணத்துக்குப் பின் நான் செய்துகொண்டேன், அதனால் எழுதுகிறேன்.

வலியை மாத்திரையில் சமாளித்துவிடலாம். படுத்தியது வீக்கம். மறுநாளே விதைப்பை கத்தரிப்பூ நிறத்துக்கு மாறி, அந்த நிறம் தொடையிடுக்கு வரை இறங்கியது. "என்னங்க, டாக்டருக்குப் போன் போடட்டுமா?" என்று மனைவி பதறிவிட்டார். தோலுக்கடியில் கசிந்த ரத்தம்தான் அது; மஞ்சளாகித் தானாக மறையும். வீக்கம் மளமளவென்று பெருத்துக் கல்போல இறுகினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் சீழ் வைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஐஸைத் துண்டில் சுற்றி, விட்டு விட்டு ஒத்தடம் கொடுத்தது நன்றாகக் கேட்டது. வீட்டில் கைலி கட்டினாலும் உள்ளே சப்போர்ட்டர் போட்டே ஆக வேண்டும். தொங்கவிட்டால் அடிவயிறு வரை சுண்டி இழுக்கும். இருமும்போதும், குந்தி உட்காரும்போதும் அதே இழுப்பு. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கினால் உயிர் போகிறது. பைக், கேஸ் சிலிண்டர் தூக்குவது, தாம்பத்தியம் எல்லாவற்றையும் டாக்டர் சொல்லும் வரை தள்ளிப்போடுங்கள். தலைமுடியைவிட மெல்லிய நூலால் போட்ட தையல் அது. இணைப்பு பிரிந்துவிட்டால் பட்டதெல்லாம் வீண். பிறகு முதல் தடவை விந்தில் லேசாக ரத்தம் கலந்து வந்தது, சில நாளில் நின்றுவிட்டது. தையல் இருந்த இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி இன்னும் தட்டுப்படுகிறது. விந்தணு கசிந்து உண்டாகும் கட்டியாம், வலிக்காதவரை விட்டுவிடலாம் என்றார் டாக்டர்.

அவரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: மறுபடி இணைப்பதற்காகக் குழாயை வெட்டியபோது வந்த திரவத்தில் விந்தணு இருந்ததா? இருந்தால் நம்பிக்கை அதிகம். கருத்தடை செய்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதும் முக்கியம். 1991இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மூன்று வருடத்துக்குள் இணைத்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு விந்தணு திரும்பியது. மனைவி கருவுற்றது 76 சதவீதம். பதினைந்து வருடம் தாண்டியவர்களுக்கு அது 71, 30 என்று குறைந்தது.

எனக்கு முதல் பரிசோதனையில் விந்தணு மிகக் குறைவு, அசைவே இல்லை. வீடே சோர்ந்துபோனது. ஆனால் சிலருக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகுமாம். அடுத்த ரிப்போர்ட்டில் அசைவு தெரிந்தது. குழந்தை இன்னும் தங்கவில்லை. தழும்பு விழுந்து குழாய் மறுபடி அடைபடலாம் என்பதால், எண்ணிக்கை ஏறியதும் கொஞ்சம் விந்தை உறையவைத்துச் சேமிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்கான செலவை இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.