விருந்து நாட்களில் ஃபர்னஸைக் கவனிப்போம்

டொராண்டோவில் கிறிஸ்துமஸ் தொடங்கித் தைப்பொங்கல் வரை எங்கள் வீடுகளில் உறவினர் கூட்டம் குறைவதில்லை. வெளியே குளிர் கடுமையாகும் அதே வாரங்களில்தான், காற்றைச் சூடாக்கி வீடெங்கும் அனுப்பும் ஃபர்னஸும் ஓய்வின்றி உழைக்கிறது. அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்பதால், 20 பேர் கூடும் வரவேற்பறையில் 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை இயக்கியதற்கு ஈடான சூடு சேர்ந்துவிடும். ஆகவே விருந்தினர் வருமுன்பே, வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி குறைத்துவைப்பது, பின்னர் ஜன்னலைத் திறந்து சூட்டை வீணாக்குவதைவிட மேலானது.

இடம் போதவில்லையென்று சோபாவையும் கிறிஸ்துமஸ் மரத்தையும் தரையிலுள்ள சூடான காற்றுத் துவாரங்களின் மேல் நகர்த்துவதைப் பல வீடுகளில் காண்கிறேன். காற்றோட்டம் தடைபட்டால் ஃபர்னஸ் அளவுமீறிச் சூடாகி, பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடக்கூடும். உண்மையான மரமாக இருந்தால் அது விரைவில் உலர்ந்து எளிதில் தீப்பற்றும். ஃபர்னஸுக்குள் செல்லும் காற்றை வடிகட்டும் ஃபில்டர் அழுக்கடைந்தால் அதுவும் காற்றோட்டத்தை இவ்வாறே தடுக்கும்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது பனிப்பொழிவுதான். உயர்திறன் ஃபர்னஸின் காற்றிழுக்கும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் பெரும்பாலும் பக்கச் சுவரில் தாழ்வாகவே இருப்பதால், வாசலில் அள்ளிய பனியை அங்கே குவித்துவிடாமல், அவற்றைச் சுற்றியுள்ள பனியையும் அகற்ற வேண்டும். அடைப்பு ஏற்பட்டால் ஃபர்னஸ் நின்றுபோகலாம். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் சேரும் அபாயமும் உண்டு. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை என்பதால், படுக்கையறைகளுக்கு அருகிலுள்ள எச்சரிக்கைக் கருவியை, விருந்தினர் தங்க வருமுன் பொத்தானை அழுத்திச் சோதித்துவிடுங்கள்.

விடுமுறைக்கு ஊர் செல்வோர், குளிரில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கக்கூடும் என்பதால், ஃபர்னஸை முற்றாக நிறுத்தாமல் 15 டிகிரி செல்சியஸ் அளவில் ஓடவிட்டு, வீட்டுக்குள் வரும் முதன்மைத் தண்ணீர் வால்வை மூடிச் செல்வது நல்லது.