காலை ஆறரை மணி வெளிச்சம்: மாட்ரிட் நாட்குறிப்பு

2011 ஜூன் 29, புதன்

தைஸ்ஸன்-போர்னமீஸா அருங்காட்சியகத்தில் அந்தோனியோ லோபெஸ் கார்சியாவின் ஓவியக் கண்காட்சி நேற்றுத் தொடங்கியது. செப்டம்பர் 25 வரை இருக்கும். 1936இல் ஸ்பெயினின் லா மான்சா சமவெளியில், தொமெய்யோசோ என்ற ஊரில் பிறந்தவர் அவர். முதலில் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், அப்பாவின் சகோதரரான ஓவியர் லோபெஸ் தோர்ரெஸ்.

இவர் படங்களைப் பார்க்கும் முன் ஆண்டுக் கணக்கைப் படிப்பது நல்லது. மாட்ரிட்டின் பெருஞ்சாலையைத் தீட்டிய ‘க்ரான் வீயா’ 1974–1981. தோர்ரெஸ் ப்லாங்காஸ் கட்டடத்தின் மேலிருந்து பார்த்த மாட்ரிட் 1974–1982. வயேகாஸ் தீயணைப்புக் கோபுரத்திலிருந்து பார்த்தது 1990–2006. அரச குடும்பத்துக்காக 1994இல் ஒப்புக்கொண்ட குழுச்சித்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. அவசரக்காரர்கள் இவரிடம் படம் தீட்டித்தரச் சொல்லக் கூடாது.

ஜூலை 2, சனி

‘க்ரான் வீயா’ 93.5 × 90.5 செ.மீ. பலகை. ஏறக்குறைய மூன்றடிச் சதுரம், அதற்கு ஏழு ஆண்டு. காரணம் எளிது. படத்தில் தெரியும் கடிகாரம் 6:30 காட்டுகிறது. கோடையில் மாட்ரிட்டில் சூரியன் எழுவது ஆறே முக்கால் வாக்கில். அதற்கு முன்னால், நிழலே விழாத சாம்பல் வெளிச்சம்தான் அவருக்கு வேண்டும். அது ஒரு நாளைக்கு இருபது, முப்பது நிமிடம் கிடைக்கும். கட்டட உச்சியில் வெயில் பட்டதும் சுவரின் நிறம் மாறிவிடும். அதற்குப் பிறகும் தீட்டினால் ஒரே படத்துக்குள் இரண்டு நேரம் புகுந்துவிடும். ஆகவே மூட்டை கட்டிவிட்டு மறுநாள் வர வேண்டும். கோடை போனால் அடுத்த கோடைதான்.

சாலையில் ஆளில்லை, வண்டியில்லை. “நகரத்தின் தனிமை” என்று இதற்கு உரை எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். நகர்வதை இந்த வேகத்தில் தீட்டவே முடியாது.

படத்துக்கு நேராக நின்று பார்த்துவிட்டு, அப்புறம் பக்கவாட்டில் நின்று பாருங்கள். புகைப்படம் போல வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்து வருபவர்கள் ஏமாறுவார்கள். சுரண்டி, மறுபடி தீட்டி, மேடும் பள்ளமுமாக இருக்கிறது பரப்பு.

ஜூலை 9, சனி

அவர் வேலை செய்யும் விதம் வெட்டவெளிச்சமாகத் தெரிவது மெம்ப்ரிய்யோ மரத்தில். ஆங்கிலத்தில் க்வின்ஸ், நம் பக்கம் அதிகம் பார்க்க முடியாத பழம். முற்றினால் மஞ்சள், பேரிக்காய்க்கு அண்ணன் மாதிரி கனம். 1990 இலையுதிர் காலத்தில் தன் வீட்டு முற்றத்து மரத்தை அவர் தீட்ட முயன்றதை இயக்குநர் விக்தோர் எரிசே திரைப்படமாக்கினார். 1992இல் கான் திரைப்பட விழாவில் அதற்கு நடுவர் குழுப் பரிசு கிடைத்தது.

முதலில் நிற்கும் இடம். கால்விரல் எங்கே வர வேண்டுமோ அங்கே தரையில் ஆணி அடிக்கிறார். தினமும் அங்கேயே நிற்கணும். ஒரு அங்குலம் தள்ளி நின்றாலும் கிளைக்குப் பின்னால் இருக்கும் சுவர் இடம் மாறிவிடும். அடுத்து, மரத்தின் குறுக்கே ஒரு நூல். அதிலிருந்து தூக்குக்குண்டு தொங்குகிறது, நம் கொத்தனார் பிடிப்பதே. அதுதான் படத்தின் நடுக்கோடு. பிறகு இலையிலும் பழத்திலும் வெள்ளை வண்ணத்தில் சின்னச் சின்னக் குறிகள்.

கெடுவது எங்கே என்றால், பழம் பெருக்கிறது. கனம் ஏற ஏறக் கிளை தாழ்கிறது. நேற்று நூலுக்கு நேராக இருந்த குறி இன்று கீழே. புதிய குறி வைத்து, படத்தில் பழத்தைக் கீழே இறக்கித் திரும்பத் தீட்ட வேண்டும். தொங்கிவிட்ட இலையை நண்பர் கழியால் தூக்கிப் பிடிக்கிற வேடிக்கையும் நடக்கிறது. மழைக்குப் பிளாஸ்டிக் கொட்டகை போட்டாயிற்று. வெயிலை யார் போட்டுத் தருவது? எண்ணெய் வண்ணத்தைக் கைவிட்டுப் பென்சிலை எடுக்கிறார். கோட்டோவியத்துக்கு வெயில் தேவையில்லை. ஆனால் பழம் உதிர்வதற்குள் முடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 1, திங்கள்

அல்கலா தெருவும் க்ரான் வீயாவும் கூடும் இடம். சமீப வருடங்களில் இதே சாலையைப் பல இடத்திலிருந்து தீட்டிவருகிறார். ஒன்றின் பெயரே ‘ஆகஸ்ட் 1, 7:30 மணி’. இன்றைய தேதி. இந்த நேரத்துக்குச் சூரியன் எழுந்து கால் மணி நேரம் தாண்டியிருக்கும், பழைய படத்தின் சாம்பல் மிச்சமில்லை. ஒரே சாலை, ஒரு மணி நேர வித்தியாசம். இரண்டையும் ஒரே படமாக்க முடியாது என்பது இங்கே நின்றால் விளங்குகிறது.

செப்டம்பர் 24, சனி

நாளை கடைசி நாள். அடுத்து பில்பாவோ நுண்கலை அருங்காட்சியகம். அங்கே போகிறவர்கள் ஓரங்களை விட்டுவிட வேண்டாம். இடம் போதாவிட்டால் தாளையோ பலகையையோ ஒட்டி நீட்டிக்கொள்வது இவர் வழக்கம். கோட்டோவியங்களில் ஒட்டிய இடங்களும் அளவுக் கோடுகளும் மறைக்கப்படாமல் இருக்கும். வயேகாஸ் காட்சி 250 × 406 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தபின், கிட்டே போய் அடிவானத்துக் கட்டடங்களைப் பாருங்கள். பல, நான்கைந்து தூரிகைத் தடம்தான்.