ஒரு லிட்டர் பெட்ரோலில் மாநிலங்களுக்கு 57 பைசா

ஒன்றிய அரசின் வரியில் மாநிலங்களுக்கு 41 விழுக்காடு என்பது, அந்த வரியை எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைக்கும் 15ஆம் நிதிக்குழு வகுத்த கணக்கு. 2023-24இல் வசூலான மொத்த வரி சுமார் 34.65 லட்சம் கோடி ரூபாய். மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது சுமார் 11.29 லட்சம் கோடி. வகுத்துப் பாருங்கள், 32.6 விழுக்காடுதான் வரும்.

இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. 41 விழுக்காடு மொத்த வசூலுக்கு அல்ல. முதலில் செஸ்ஸைக் (குறிப்பிட்ட வேலைக்கென்று வாங்கும் வரி) கழிக்க வேண்டும், பிறகு சர்சார்ஜை (வரியின் மேல் போடும் கூடுதல் வரி), பிறகு வரி வசூலிக்க ஆன செலவை, யூனியன் பிரதேசங்களுக்கு உரியதை. மிஞ்சுவதுதான் பகிர்வுக்குரிய தொகுப்பு. அரசியல் சட்டத்தின் 270ஆம் பிரிவு செஸ்ஸையும் சர்சார்ஜையும் பங்கீட்டுக்கு வெளியே வைக்கிறது. 271ஆம் பிரிவு, சர்சார்ஜ் முழுக்க ஒன்றியத்துக்கே என்கிறது. ஆகவே எவ்வளவு வரி என்பதைவிட அந்த வரிக்கு என்ன பெயர் என்பதே மாநிலங்களுக்கு முக்கியம்.

பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் உயர்த்தியபோது லிட்டருக்கு ஒன்றியக் கலால் வரி 21.90 ரூபாய் ஆயிற்று. அதில் அடிப்படைக் கலால் வரி 1.40, சிறப்புக் கூடுதல் கலால் வரி (சட்டப்படி இதுவும் சர்சார்ஜ்தான்) 13, சாலை-உள்கட்டமைப்பு செஸ் 5, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2.50. பங்கீட்டுக்கு வருவது அந்த 1.40 மட்டுமே. அதில் 41 விழுக்காடு 57 பைசா, அதுவும் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. 15ஆம் நிதிக்குழு தமிழ்நாட்டுக்குக் கொடுத்த 4.079 விழுக்காட்டைப் போட்டால் இரண்டே கால் பைசா சொச்சம். (மாநிலம் தனியாகப் போடும் வாட் வேறு கணக்கு. அதையும் இதையும் குழப்பித்தான் தொலைக்காட்சி விவாதங்கள் பாதி நேரம் ஓடுகின்றன.)

இந்த 1.40க்கு ஒரு முன்கதை உண்டு. 2021 பிப்ரவரி பட்ஜெட்டுக்கு முன் அது 2.98 ஆக இருந்தது. அந்த பட்ஜெட்டில் வேளாண் செஸ் 2.50 புதிதாக வந்தது. விலை ஏறக்கூடாது என்று அடிப்படை வரியை 1.40க்கும், சிறப்புக் கூடுதல் வரியை 12இலிருந்து 11க்கும் இறக்கினார்கள். மொத்தம் 32.98இலிருந்து 32.90 ஆயிற்று. பெட்ரோல் பங்கில் விலை மாறவில்லை, வண்டிக்காரர் எதையும் உணரவில்லை. மாநிலங்களின் பங்கு மட்டும் 1.22 ரூபாயிலிருந்து 57 பைசாவுக்கு இறங்கியது. டீசலில் அடிப்படை வரி 4.83இலிருந்து 1.80 ஆனது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் வரியைக் குறைத்தபோது சாலை செஸ்ஸில்தான் கை வைத்தார்கள். பகிர்வுத் தொகுப்புக்கு அதனால் இழப்பு இல்லை. குறைக்க அங்கே அவ்வளவு இருந்தது என்பதையும் அதுவே காட்டுகிறது.

வருமான வரியிலும் இதே ஏற்பாடுதான். 2018இல் 3 விழுக்காடு செஸ் 4 ஆனது. ஒரு லட்சம் ரூபாய் வரிக்கு 4,000 ரூபாய். 50 லட்சத்துக்கு மேல் வருமானம் என்றால் சர்சார்ஜும் சேரும்.

செஸ் என்றால் குறிப்பிட்ட வேலைக்கென்று வாங்கும் பணம். அந்த வேலைக்குத்தான் போகிறதா? 2018-19இல் 35 செஸ்களில் வசூலானது சுமார் 2.75 லட்சம் கோடி, அதற்கான நிதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 1.64 லட்சம் கோடி என்கிறது தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. கச்சா எண்ணெய் செஸ்ஸாகப் பத்தாண்டுகளில் வாங்கிய 1.24 லட்சம் கோடி, எண்ணெய்த் தொழில் மேம்பாட்டு வாரியத்துக்குப் போகவே இல்லை.

2000ஆம் ஆண்டின் 80ஆம் திருத்தம்தான் கம்பெனி வரி, சுங்கவரி உட்பட எல்லா ஒன்றிய வரிகளையும் பங்கீட்டுக்குள் கொண்டுவந்தது. 14ஆம் நிதிக்குழு 2015இல் பங்கை 32இலிருந்து 42 விழுக்காடாக உயர்த்தியது. 15ஆம் குழு, ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமானதை வைத்து அதை 41 ஆக்கியது. இதற்கிடையே மொத்த வரியில் செஸ்-சர்சார்ஜின் பங்கு 2011-12இல் பத்து விழுக்காடு சொச்சமாக இருந்து 2020-21இல் ஏறக்குறைய இருபதைத் தொட்டது. நிதிக்குழு கூட்டிக் கொடுத்ததில் கணிசமான பகுதி இப்படித்தான் கரைந்தது.

மாநிலம் தன் வரியை ஏற்றி ஈடுகட்டலாமே என்றால், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு அதற்கு இடம் குறைவு. ஜிஎஸ்டி மன்றத்தில் எதுவும் நிறைவேற முக்கால் பங்கு வாக்கு வேண்டும். ஒன்றியத்திடம் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. ஒன்றியம் தனியாகவே தடுக்கலாம். மாநிலங்களின் 31 உறுப்பினர்களும் வாக்களித்தால், மாநிலங்கள் தடுக்கப் பன்னிரண்டு ஒன்றுசேர வேண்டும்.

16ஆம் நிதிக்குழுவிடம் தமிழ்நாடு 50 விழுக்காடு கேட்டது. என் கணக்கில் அது இரண்டாவது கோரிக்கையாக இருக்க வேண்டியது. வசூலில் ஐந்தில் ஒன்று செஸ்ஸாகப் போனால், 50 விழுக்காடு கிடைத்தாலும் மொத்தத்தில் அது 40தான். செஸ்ஸே இல்லாமல் 41 விழுக்காடு வாங்கினால் அதைவிட ஒன்று கூடுதல். ஆனால் செஸ்ஸுக்கு உச்சவரம்பு வைக்க நிதிக்குழுவுக்கு அதிகாரம் இல்லை. அது நாடாளுமன்றத்தில், 270, 271ஆம் பிரிவுகளைத் திருத்தித்தான் நடக்கும்.